ஹார்மோன் சமநிலை என்று எதைச் சொல்கிறோம்?

முடி கொட்டினால் ஹார்மோன், எடை கூடினால் ஹார்மோன், முகத்தில் பரு வந்தால் ஹார்மோன், காரணம் தெரியாமல் கண் கலங்கினாலும் ஹார்மோன் என்று சொல்லிவிடுவது இன்று எல்லோர் வாயிலும் பழகிவிட்டது. அந்தச் சொல்லோடு இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒன்று, ஹார்மோன்களைச் சமன்செய்யும் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடியையோ பானத்தையோ வாங்கச் சொல்லும் ஆலோசனை. மற்றொன்று, 'எல்லாம் ஹார்மோன்தான், போகப்போகச் சரியாகிவிடும்' என்னும் அலட்சியம். ஒன்று கரிசனமாகத் தோன்றும், மற்றது கடுமையாகத் தோன்றும். ஆனால் இப்படிச் சொல்லப்படும் பெண்ணின் உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்ற கேள்வியை இரண்டுமே கேட்கவிடாமல் செய்துவிடுகின்றன.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான அடிப்படை அறிவு கடினமானதன்று. மாதச் சுழற்சியை நடத்தும் ஹார்மோன்கள் எப்படி வேலை செய்கின்றன, இயற்கை வழிகள் எனப்படுபவை அவற்றில் எந்த இடத்தைத் தொடுகின்றன, உடலைக் கவனிப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்வது ஆகிய மூன்றையும் முன்னறிவு எதுவும் இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் முயற்சி.

இரத்தத்தில் போகும் அறிவிப்பு

1902-ஆம் ஆண்டு வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள், குடலில் சுரக்கும் ஒரு பொருள் நரம்புகளின் துணையில்லாமல் இரத்தத்தின் வழியாகவே கணையத்தை அடைந்து அதை வேலை செய்ய வைப்பதைக் கண்டார்கள். இப்படிப்பட்ட பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தூண்டி இயக்குவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்புக்குச் செய்தி சொல்லும் பொருளே ஹார்மோன்.

ஒரு பெரிய ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் அந்த ரயிலுக்குக் காத்திருப்பவர் மட்டுமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுகிறார். ஹார்மோனும் இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகிறது. அதைக் கேட்கும் 'காது' உள்ள செல்கள் மட்டுமே அதற்கு இணங்கி நடக்கின்றன. செல்லின் இந்தக் காதுக்கு ஏற்பி என்று பெயர். ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் கருப்பையில் மட்டுமன்றி எலும்பிலும் மூளையிலும் தோலிலும் இரத்தக்குழாய்களிலும் இருக்கின்றன. ஒரே ஹார்மோனின் ஏற்ற இறக்கம் உடலின் பல இடங்களில் ஒரே சமயத்தில் உணரப்படுவது இதனால்தான்.

அளவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் வகைகளில் முதன்மையான எஸ்ட்ராடயாலை மருத்துவர்கள் பிக்கோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவில் பேசப்படும் மொழி இது.

தராசுப் படம் ஏன் பொருந்தவில்லை

'சமநிலை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தராசு ஒன்று எழுகிறது. இரண்டு தட்டும் நேராக நின்றால் ஆரோக்கியம், ஒன்று தாழ்ந்தால் நோய் என்று எண்ணிவிடுகிறோம். மாதச் சுழற்சியின் ஹார்மோன்கள் அப்படி ஒருநாளும் நேராக நிற்பதில்லை. ஏறுவதும் இறங்குவதுமே அவற்றின் வேலை.

உதிரப்போக்கு தொடங்கும் நாளைச் சுழற்சியின் முதல் நாள் என்று கணக்கிடுவது வழக்கம். அந்த நாள்களில் எஸ்ட்ராடயால் மிகக் குறைவாக, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சில பத்துப் பிக்கோகிராம் என்ற அளவில் இருக்கும். சினைப்பையில் ஒரு கருமுட்டையைத் தாங்கிய சிறு நீர்ப்பை வளர வளர அது எஸ்ட்ராடயாலைக் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் அளவு 200-ஐத் தாண்டி, பலருக்கு 300, 400 வரையிலும் போகும். முட்டை வெளியேறியபின் அந்த வெற்றுப்பை மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டாவது ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கத் தொடங்குகிறது. கரு உண்டாகாவிட்டால் ஏறக்குறைய 14 நாள்களில் அந்தச் சுரப்பி தானாகவே சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோன் சரிகிறது, கருப்பையின் உள்வரிச் சவ்வு உதிர்ந்து அடுத்த முதல் நாள் வருகிறது.

பரிசோதனைச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். புரோஜெஸ்டிரோன் 0.4 நானோகிராம் என்று அதில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெண் பயந்துபோய், தனக்குப் புரோஜெஸ்டிரோன் குறைபாடு என்று முடிவுகட்டிவிடுகிறார். இரத்தம் எடுத்த நாள் எது என்று கேட்டால் சுழற்சியின் 6-ஆம் நாள் என்கிறார். 6-ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் 1 நானோகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மஞ்சள் சுரப்பி அன்றைக்குப் பிறக்கவே இல்லை. அதே 0.4, அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பாக எடுத்த இரத்தத்தில் வந்திருந்தால், அந்த மாதம் முட்டை வெளியேறவில்லை போலும் என்று மருத்துவர் யோசிப்பார். எண் ஒன்றுதான், நாள் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று குறிக்காத ஹார்மோன் பரிசோதனை முடிவு, தேதி கிழிந்த கடிதத்தைப் போன்றது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், ஹார்மோன் என்பது இரத்தத்தில் போகும் செய்தி. ஏற்பி அதைக் கேட்கும் காது. மாதச் சுழற்சியில் சரியான அளவு என்று ஒரே ஓர் எண் கிடையாது, சரியான நேரத்தில் சரியான ஏற்றமும் இறக்கமும் உண்டு.

தொட்டியின் மிதவையும் மூளையின் துடிப்பும்

இந்த ஏற்ற இறக்கத்தை யார் நடத்துகிறார்கள்? வீட்டு நீர்த்தொட்டியில் மிதவை ஒன்று இருக்கும். நீர் நிறைந்தால் மிதவை எழுந்து குழாயை மூடும். நீர் குறைந்தால் மிதவை இறங்கி மீண்டும் திறந்துவிடும். உடலின் பெரும்பாலான ஹார்மோன்கள் இந்த விதிப்படி நடப்பவை. இதைப் பின்னூட்டம் என்பார்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், அதைச் சுரக்கச் சொல்லும் மூளையின் கட்டளை ஹார்மோன் கூடுகிறது. தைராய்டு பரிசோதனையில் அந்தக் கட்டளை ஹார்மோன் உயர்ந்திருப்பதைப் பார்த்து, சுரப்பி மந்தமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். மிதவை நெடுநேரம் இறங்கியே இருந்தால் தொட்டியில் நீரில்லை என்பதுதானே பொருள்.

மாதச் சுழற்சியிலும் இதே மிதவை உண்டு. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்கள் வழியாகச் சினைப்பையை இயக்குகிறது. சினைப்பையின் எஸ்ட்ராடயால் மேலே சென்று 'போதும்' என்று சொல்லிப் பிட்யூட்டரியை அடக்கிவைக்கிறது. ஆனால் மாதத்தில் ஒருமுறை இந்த விதி தலைகீழாகிறது. எஸ்ட்ராடயால் ஓர் உயர்ந்த அளவில் ஏறக்குறைய இரண்டு நாள் நிலைத்து நின்றால், அது அடக்குவதை விட்டுவிட்டுத் தூண்டத் தொடங்குகிறது. பிட்யூட்டரியிலிருந்து ஒரே வீச்சில் ஹார்மோன் பொங்கி வருகிறது. அந்தப் பொங்கல் தொடங்கியதிலிருந்து ஒன்றரை நாளளவில் முட்டை வெளியேறுகிறது. நீர் நிறைந்த பின் மூடுவதற்குப் பதிலாக முழுவதும் திறந்துகொள்ளும் மிதவையை நான் வேறெங்கும் கண்டதில்லை. உடலியலில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம் இது.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. ஹைப்போதலாமஸ் தன் செய்தியைத் தொடர் ஒலியாக அனுப்புவதில்லை, துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. சுழற்சியின் முதல் பாதியில் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணிநேரத்துக்கு ஒரு துடிப்பு. இரண்டாம் பாதியில் புரோஜெஸ்டிரோன் அதை மெதுவாக்கிவிடுகிறது. எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் இந்தச் செய்தி துண்டிக்கப்பட்ட குரங்குகளுக்கு அதே பொருளை மணிக்கு ஒருமுறை செலுத்தியபோது பிட்யூட்டரி மீண்டும் இயங்கியது. இடைவிடாமல் செலுத்தியபோதோ பிட்யூட்டரி அடங்கிப்போனது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாக வேலை செய்யும் என்ற எளிய எண்ணம் இங்கே உடைகிறது. காதருகே ஓயாமல் கத்தினால் காது கேட்பதையே நிறுத்திவிடுகிறது. பின்னாளில் இந்த அறிவே மருந்தாகவும் மாறியது: சினைப்பையைத் தற்காலிகமாக ஓய்வில் வைக்க வேண்டிய நோய்களில் இந்தச் செய்தியை ஓயாமல் ஒலிக்கவிடும் ஊசிகள் இன்று பயன்படுகின்றன.

அந்தத் துடிப்பை ஹைப்போதலாமஸ் தன் விருப்பப்படி அடிப்பதில்லை. உடலின் வரவு செலவைப் பார்த்தே அடிக்கிறது. உண்ணும் ஆற்றலிலிருந்து உடற்பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சுவது எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சீரான சுழற்சியுள்ள இளம்பெண்களுக்கு மிஞ்சும் ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே போனபோது, ஐந்தே நாள்களில் பிட்யூட்டரியின் துடிப்பு குலைந்தது. எடையில் பெரிய மாற்றம் வருமுன்பே மூளை கணக்கைப் பார்த்துவிட்டது. கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது சினைப்பையின் பழுதால் அன்று. இப்போது கருவைத் தாங்க வசதியில்லை என்று மூளை எடுக்கும் முடிவு அது. மன அழுத்தமும் இதே வாசலில்தான் வந்து நிற்கிறது.

அளவு ஒன்று, செவி வேறு

மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் வரும் எரிச்சல், சோர்வு, அழுகை ஆகியவற்றைப் பற்றி நிலவும் தவறான கருத்துகள் ஏராளம். ஹார்மோன் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட்டும் டேவிட் ரூபினோவும் சேர்ந்து நடத்தி 1998-இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தைத் திருத்தியது. மேலே சொன்ன ஊசியால் அவர்கள் பெண்களின் சினைப்பைகளை ஓய்வில் வைத்தார்கள். கடும் அறிகுறிகள் உள்ள பெண்களில் பலருக்கு அவை தணிந்தன. பிறகு அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ இயல்பான அளவில் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் மீண்டன. அறிகுறிகளே இல்லாத பெண்களுக்கு அதே ஊசியையும் அதே ஹார்மோனையும் அதே அளவில் கொடுத்தபோது அவர்களுடைய மனநிலையில் ஒரு மாற்றமும் இல்லை.

இதன் பொருளை நிதானமாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். இருவர் இரத்தத்திலும் ஓடுவது ஒரே அளவு ஹார்மோன். அதைக் கேட்கும் மூளையின் செவி வேறுபடுகிறது. ஆகவே பரிசோதனை முடிவு இயல்பாக இருக்கிறது என்பதால் அவள் துன்பம் கற்பனை என்று ஆகிவிடாது. 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்' என்ற வார்த்தையால் மனம் நொந்து திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். அளவு இயல்பு என்பது உண்மை, துன்பமும் உண்மை. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்திருக்க முடியும் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது.

சுருக்கமாக: மிதவை போன்ற பின்னூட்டம் ஹார்மோன்களைக் கட்டுக்குள் வைக்கிறது, மூளையின் துடிப்பு மாதத்தை நடத்துகிறது, ஆற்றலும் ஓய்வும் போதுமானதாக இருந்தால்தான் துடிப்பு சீராக இருக்கும், ஒரே அளவு ஹார்மோனை ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது.

உடலைக் கவனிப்பது என்பது குறித்து வைப்பது

உடல் சொல்வதைக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்வதில்லை. நினைவை மட்டும் நம்புவது போதாது. கடந்த மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால், இன்றைய மனநிலையின் சாயத்தைப் பூசித்தான் பதில் சொல்லுவோம். மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறை உறுதிசெய்ய, குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றன்றைக்கு எழுதிய குறிப்பை மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான்.

குறிப்பேடு எளிமையாக இருந்தால் போதும். உதிரப்போக்கின் முதல் நாள், அது எத்தனை நாள் நீடித்தது, எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தது, வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று ஒரு வரி எழுதினால் ஆயிற்று. பெரியவர்களில் 24 முதல் 38 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது. மாதவிடாய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் பதின்வயதுப் பெண்களுக்கு 21 முதல் 45 நாள் வரை போவதும் உண்டு. 28 என்பது கணக்குக்கு வசதியான எண். அதிலிருந்து விலகினாலே கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையில் விழித்ததும், படுக்கையைவிட்டு எழுமுன், உடல் வெப்பநிலையை அளந்து எழுதுவார்கள். அப்படி ஒரு பக்கத்தைக் கற்பனையில் விரித்துப் பார்க்கலாம். 13-ஆம் நாள் 36.3, அடுத்த நாள் 36.4, பிறகு 36.2, 36.3, 36.3. 16-ஆம் நாளுக்கு எதிரே, வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல் தெளிந்து நீண்டது என்று ஒரு குறிப்பு. 18-ஆம் நாள் 36.6. அதற்கடுத்து 36.7, 36.7, 36.8. அந்த உயரத்திலேயே 31-ஆம் நாள் வரை நின்று, மறுநாள் 36.4-க்கு இறங்கும்போது உதிரப்போக்கு தொடங்குகிறது. வெள்ளைக்கரு போன்ற கசிவு, உச்சத்துக்கு ஏறிய ஈஸ்ட்ரோஜனின் கையெழுத்து. முட்டை வெளியேறியபின் எழுந்த புரோஜெஸ்டிரோன் மூளையின் வெப்ப அளவைச் சற்று உயர்த்திவிட்டதைத்தான், ஏறக்குறைய அரை டிகிரி உயர்ந்த அந்தப் படிக்கட்டு சொல்கிறது. ஊசியும் ஆய்வகமும் இல்லாமல், இந்த மாதம் முட்டை வெளியேறியது என்று உடலே எழுதித்தரும் சான்று அது. காய்ச்சலும் கெட்ட தூக்கமும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். தவிர, வெப்பநிலை ஏறுவது முட்டை வெளியேறிய பிறகே என்பதால், அதை மட்டும் நம்பிக் கருத்தடைக்குப் பயன்படுத்துவது ஆபத்து.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையில்லாத வாரத்தில் வரும் உதிரப்போக்கு, மாத்திரையின் ஹார்மோன் நின்றதால் வருவது. முட்டை வெளியேறிச் சுழற்சி முடிந்து வரும் மாதவிடாய் அன்று. அது மாதம் தவறாமல் வருவதை வைத்துச் சொந்தச் சுழற்சி சீராக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

உடல் சொல்லாமல் மறைப்பவையும் உண்டு. இரும்புச்சத்து மெல்ல மெல்லக் குறையும்போது, அந்தச் சோர்வுக்கே பழகிப்போய், இதுதான் என் இயல்பு என்று நினைத்துவிடுகிறோம். தைராய்டு மந்தமும் அப்படியே. அங்கெல்லாம் உணர்வைவிட இரத்தப் பரிசோதனையே தெளிவாகப் பேசும்.

இயற்கை வழிகள் எந்த இடத்தைத் தொடுகின்றன

எந்த இயற்கை வழியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்பதே. மூளையின் துடிப்பையா, சினைப்பையையா, ஏற்பியையா, வலியை உண்டாக்கும் பொருளையா? பதில் இருந்தால் நம்பிக்கை வைக்க இடமுண்டு. 'சமன்செய்யும்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால் விலகிவிடலாம்.

மிக உறுதியான பதில் உள்ள இடம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி. 1935-இல் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த இதன் பெயரே ஒரு குழப்பம். ஸ்கேனில் தெரிபவை நீக்க வேண்டிய கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. பலருக்கு இதன் நடுவில் நிற்பது இன்சுலின். இரத்தச் சர்க்கரையைச் செல்களுக்குள் செல்லவிடும் இந்த ஹார்மோனைச் செல்கள் சரியாகக் கேட்காதபோது கணையம் குரலை உயர்த்துகிறது, இன்சுலின் கூடுகிறது. சினைப்பையின் காது மட்டும் மந்தமாகாமல் இருப்பதால், அங்கே இந்த உரத்த குரல் ஆண்மை ஹார்மோன்களின் சுரப்பைக் கூட்டிவிடுகிறது. அந்த ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதும் குறைகிறது. பருவும் முகத்தில் முடியும் தள்ளிப்போகும் மாதவிடாயும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள்.

இப்போது உடற்பயிற்சி எங்கே நுழைகிறது என்று பார்க்கலாம். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து ஒருநாள், சில வேளை இரண்டு நாள் வரை, இன்சுலினைக் கேட்கும் திறனும் அந்தத் தசைக்குக் கூடியிருக்கும். கணையம் குரலைத் தாழ்த்தலாம். அதிக எடையுள்ளவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே சுழற்சி திரும்புவது பலரிடம் காணப்பட்டிருக்கிறது. போதிய தூக்கமும் இதே கண்ணியைத்தான் தொடுகிறது; தூக்கம் குறைந்தால் இன்சுலினைக் கேட்கும் திறன் மங்குவது ஆய்வகங்களில் காட்டப்பட்டுள்ளது. உடல் மெலிந்திருந்தும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் எடையைக் குறைக்கச் சொல்வது உதவாது, சில வேளை தீங்கே செய்யும்.

ஆற்றல் பற்றாக்குறையால் மாதவிடாய் நின்றவருக்கோ மருந்து நேர் எதிரானது: கூடுதலாக உண்பது, பயிற்சியைக் குறைப்பது, மனத்தை இளைப்பாற விடுவது. 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படி மாதவிடாய் நின்ற 8 பெண்களுக்கு உணவையும் உடலையும் பற்றிய எண்ணங்களைச் சீராக்கும் பேச்சுச் சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. 20 வாரங்களில் அவர்களில் 6 பேருக்கு முட்டை வெளியேற்றம் திரும்பியது. சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்ட மற்ற 8 பேரில் பெரும்பாலானோருக்குத் திரும்பவில்லை. ஒரு பெண்ணுக்கு மருந்தாகும் உடற்பயிற்சி மற்றொரு பெண்ணுக்கு நோயின் காரணமாக இருப்பதைப் பார்க்கும்போது, எல்லாப் பெண்களுக்கும் ஒரே 'ஹார்மோன் உணவுத்திட்டம்' என்று விற்கப்படுவது எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

மாதவிடாய் வலிக்குக் காரணம் கருப்பைச் சவ்விலிருந்து வெளிப்பட்டுத் தசையை இறுக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அடிவயிற்றில் மிதமான வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது இபுபுரோஃபென் மாத்திரைக்கு இணையாக வலியைத் தணித்ததை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாரத்தில் மூன்று நாளாவது செய்யும் முறையான உடற்பயிற்சியும் வலியின் கடுமையைக் குறைக்கிறது.

மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறிகளுக்குச் சுண்ணாம்புச்சத்து உதவுமா என்று சோதித்த, 1998-இல் வெளியான பெரிய ஆய்வையும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து எடுத்தவர்களுக்கு மூன்றாம் சுழற்சியில் அறிகுறிகள் 48 விழுக்காடு குறைந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 விழுக்காடு குறைந்தது. முதல் எண் சுண்ணாம்புச்சத்து உதவியதைக் காட்டுகிறது. இரண்டாவது எண் அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. கவனிப்பும் எதிர்பார்ப்பும் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் நிவாரணம் தந்திருக்கின்றன. 'எனக்கு இது வேலை செய்தது' என்று ஒருவர் மனமாரச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்தது அந்தப் பொடிதானா என்பதை அவருடைய அனுபவத்தால் மட்டும் அறிய முடியாது.

இயற்கை என்ற சொல் எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்குக் காட்டுக் கிழங்கின் கதை ஒன்று உண்டு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர், மெக்சிகோவில் விளையும் ஒருவகைக் காட்டுக் கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக்காட்டினார். அதுவரை கிடைத்தற்கரிய பொருளாக இருந்த புரோஜெஸ்டிரோன் கிலோக் கணக்கில் கிடைக்கலாயிற்று. இந்த வரலாற்றின் நிழலில், இயற்கைப் புரோஜெஸ்டிரோன் என்ற பெயரில் காட்டுக் கிழங்குப் பூச்சுகள் இன்றும் விற்பனையாகின்றன. மார்க்கர் அந்த மாற்றத்தைச் செய்தது ஆய்வகக் குடுவையில், அமிலங்களையும் வெப்பத்தையும் கொண்டு. மனித உடலில் அதைச் செய்யும் நொதி இல்லை. பூசிய கிழங்குச் சாறு கிழங்குச் சாறாகவே இருக்கும்.

வேலை செய்யும் மூலிகைகளிலோ வேறு வகை எச்சரிக்கை வேண்டும். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுவதால், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். முடிக்கும் நகத்துக்கும் எடுக்கப்படும் பயோட்டின், அதிக அளவில் இருக்கும்போது, தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பொய்யாக்கிவிடும். எதை எடுத்துக்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

நாப்கின் மணிக்கு ஒன்றாகப் பல மணிநேரம் தொடர்ந்து நனைவது, ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் கருவுறாத நிலையில் மூன்று மாதம் வராமலிருப்பது, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராதது ஆகியவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய காரணங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ போகவிடாமல் படுக்கையில் தள்ளும் வலியை எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை. கருப்பைச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. அது கண்டறியப்படப் பல ஆண்டுகள் ஆவதற்கு ஒரு காரணம் அந்தப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம்தான். குரல் தடித்து உடலில் முடி சில மாதங்களுக்குள் வேகமாக வளர்வது, பாலூட்டாத மார்பில் பால் கசிவதோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்வது, மாதவிடாய்க்கு முன் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுவது ஆகிய மூன்றும் இன்னும் அவசரமானவை.

மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் வரும் அந்த மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட மேலேறி, மறு மாதம் சரிந்து, தாறுமாறாக ஆடுகிறது. அதனால் ஒருநாள் எடுத்த பரிசோதனை அதிகம் சொல்லாது. வயதும் அறிகுறிகளும் குறிப்பேடுமே அதைவிடத் தெளிவாகச் சொல்லும். கடைசி மாதவிடாய் முடிந்து 12 மாதம் கடந்தபின் சொட்டு இரத்தம் பட்டாலும், அது மாதவிடாய் திரும்பியதாகாது. கருப்பைச் சவ்வைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். 'எனக்கு ஹார்மோன் பிரச்சினை' என்று தொடங்குவதற்குப் பதிலாக, 'கடந்த ஆறு மாதங்களில் உதிரப்போக்கின் முதல் நாள்கள் இவை, இந்த நாள்களில் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றினேன், இந்த மாதம் வெப்பநிலை ஏறவில்லை, நான் எடுக்கும் மாத்திரைகளும் பொடிகளும் இவை' என்று பக்கத்தைத் திறந்து அவர் முன் வையுங்கள். பரிசோதனை எழுதித்தந்தால், அதைச் சுழற்சியின் எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்தச் சீட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.